நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஹூஸ்டனுக்குக் குடிவந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. நீண்ட வார இறுதி ஒன்று நெருங்கினால் போதும், வாட்ஸாப்பில் யாராவது "நியூ ஆர்லியன்ஸ் போறோம், என்ன பார்க்கலாம், எங்க தங்கலாம்?" என்று கேட்டுவிடுவார்கள். அதே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கை வலித்துப்போனதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். லூசியானா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊர்க்காரன் நான் இல்லை. ஏழெட்டுத் தடவை போய், இரண்டு தடவை ஏமாந்து, ஒரு தடவை மழையில் வசமாக மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான். நான் சொல்லும் கட்டணங்கள் நான் கொடுத்தவை. போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?

ஊர்க்காரர்கள் "நூ ஆர்லின்ஸ்" என்கிறார்கள். "நாலின்ஸ்" என்பது டீ சட்டையில் அச்சடிக்க மட்டும். நீங்கள் எப்படிச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தெருப் பெயர்கள்தான் வம்பு. பிரெஞ்சு எழுத்து, அமெரிக்க வாய். சார்த்ரு என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் பெயரை இங்கே "சார்ட்டர்ஸ்" என்பார்கள். ஆற்றோரம் நீளமாகப் போகும் ஒரு சாலையின் பெயரை எழுத்துக்கூட்டினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சொல்வது மட்டும் சுலபம், "சாப்பட்டூலஸ்". டாக்சிக்காரர் முதல் தடவை அதைச் சொன்னபோது என் மனைவியின் காதில் "சாப்பிட்டாளா" என்று விழுந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அது சாப்பிட்டாளா தெருதான்.

இன்னொன்று, வழி கேட்டால் கிழக்கு மேற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மிசிசிப்பி ஆறு ஊரைச் சுற்றிப் பிறை மாதிரி வளைவதால் திசை ஒன்றும் உதவாது. "ஏரிப் பக்கம்", "ஆற்றுப் பக்கம்", "அப்டவுன்", "டவுன்டவுன்" என்று நாலு வார்த்தையில் வேலை முடிந்துவிடும். சாலை நடுவில் புல் வளர்ந்திருக்கும் திட்டுக்கு "நியூட்ரல் கிரவுண்ட்" என்று பெயர். டிராம் அதன் மேல்தான் ஓடுகிறது. பெருமழை வந்தால் காரை அதன் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். காரணம் பின்னால் வரும்.

எந்த மாதம் போகலாம்?

அக்டோபர் கடைசி, நவம்பர், அப்புறம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம். ஹோட்டல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வேர்த்துக் கொட்டியபடி எத்தனை தெரு நடப்பீர்கள்? சென்னை மே மாதத்துக்குப் பழகியவர்களே பகல் இரண்டு மணிக்கு உட்கார இடம் தேடுவார்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் போவதானால் ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் போடுங்கள்.

ஏப்ரலில் பிரெஞ்சு குவார்ட்டர் (ஊரின் பழைய மையப் பகுதி) விழா என்று ஒன்று நடக்கும், அனுமதி இலவசம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் 1970 முதல் நடந்துவரும் ஜாஸ் விழா இருக்கிறது, அதற்கு டிக்கெட் உண்டு. இந்த நாட்களில் ஹோட்டல் வாடகை எகிறும்.

எத்தனை நாள் போதும்?

மூன்று இரவு. இரண்டு இரவு என்றால் பிரெஞ்சு குவார்ட்டரைத் தாண்ட மாட்டீர்கள். அதைத் தாண்டாமல் திரும்பி வந்தவர்கள்தான் "ஒரே குடிகாரர் கூட்டம்பா" என்று குறை சொல்கிறார்கள்.

காரா, விமானமா, ரயிலா?

ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 350 மைல், ஐந்தரை ஆறு மணி நேரம். வழியில் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைல் நீளப் பாலம் ஒன்று வரும், தண்ணீருக்குள் மரங்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். அதில் ஏறும் முன் பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். டல்லஸிலிருந்து எட்டு மணி நேரம், அட்லாண்டாவிலிருந்து ஏழு.

சிகாகோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் மூன்று ஊர்களிலிருந்தும் ஆம்ட்ராக் ரயில் உண்டு. சிகாகோ ரயில் பத்தொன்பது மணி நேரம் போகும். அவசரம் இல்லாதவர்களுக்குச் சரி.

விமான நிலையத்துக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் பெயர் வைத்திருக்கிறார்கள். 1901இல் இந்த ஊரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஊதுகொம்புக்காரர் அவர். ஒரு பாட்டுக்காரர் பெயரை விமான நிலையத்துக்கு வைக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று அங்கேயே கொஞ்சம் புரிந்துவிடும்.

எங்கே தங்குவது?

பிரெஞ்சு குவார்ட்டருக்குள் தங்கினால் எல்லாம் நடை தூரம். ஆனால் போர்பன் தெருவைப் பார்த்த அறை வேண்டாம், விடியற்காலை வரை சத்தம். இரண்டு மூன்று தெரு தள்ளி ராயல் தெருப் பக்கமோ, எஸ்பிளனேட் சாலைப் பக்கமோ பாருங்கள். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் கனால் தெருவுக்கு மறுபுறம் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் கவலையில்லை. இன்னும் அமைதி வேண்டுமானால் செயின்ட் சார்ல்ஸ் சாலையில் டிராம் தடத்தை ஒட்டி எடுங்கள். நான் இப்போதெல்லாம் அங்கேதான் தங்குகிறேன்.

ஊருக்குள் கார் வேண்டுமா?

வேண்டாம். காரில் வந்திருந்தாலும் ஹோட்டலில் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள். சாலையெல்லாம் பள்ளம், ஒருவழி, ஒவ்வொரு கம்பத்திலும் நாலு பார்க்கிங் பலகை. முதல் பயணத்தில் ஒரு பலகையைப் படித்து, அதற்குக் கீழே இருந்த இரண்டாவதைப் படிக்காமல் போனேன். திரும்பி வந்தபோது கார் இல்லை. அதை மீட்ட காசில் இன்னொரு இரவு தங்கியிருக்கலாம். காருக்குள் பையோ சார்ஜர் ஒயரோ எதுவும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், கண்ணாடியை உடைப்பது நடக்கிறது.

டிராம் போதும். ஒரு தடவைக்கு 1.25 டாலர், நாள் முழுக்க ஏறி இறங்க 3 டாலர். சில்லறை திருப்பித் தர மாட்டார்கள், சரியான காசு வேண்டும், இல்லாவிட்டால் போனில் அவர்கள் செயலி. செயின்ட் சார்ல்ஸ் தடம் 1835 முதல் ஓடுகிறது. இடைவிடாமல் ஓடும் டிராம் தடங்களில் உலகத்திலேயே பழையது இதுதான் என்கிறார்கள். பச்சை வண்டிகள் 1920களில் செய்தவை, மர இருக்கை, ஏசி கிடையாது. ஜன்னலை நாமே ஏற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கூரை போட்ட மாதிரி கவிந்திருக்கும். கிளைகளைக் கவனியுங்கள், பச்சை, ஊதா, தங்க நிற மணிமாலைகள் தொங்கும். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசியதில் சிக்கிக்கொண்டவை. வருடக்கணக்காக அப்படியே கிடக்கின்றன, யாரும் எடுப்பதில்லை.

ஆற்றைப் பார்க்க நீராவிக் கப்பல் சவாரி இருக்கிறது. காசு குறைவாகப் போதும் என்றால் கனால் தெரு முனையிலிருந்து அல்ஜியர்ஸ் கரைக்குப் போகும் படகில் ஏறுங்கள், 2 டாலர். அதே ஆறு, அதே காற்று.

பிரெஞ்சு குவார்ட்டரில் பிரெஞ்சு எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. 1718இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஊர் இது. பிறகு நாற்பது வருடம் போல ஸ்பெயின் கையில் இருந்தது. அந்தக் காலத்தில், 1788இலும் 1794இலும், இரண்டு பெரிய தீ விபத்துகளில் பிரெஞ்சுக் கட்டடங்கள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. அதனால் இன்று நாம் பார்க்கும் உள்முற்றம், கனத்த சுவர், தெருவை ஒட்டிய வாசல் எல்லாம் ஸ்பானியச் சாயலும் அதற்குப் பின் வந்ததும்தான். அழகான இரும்புப் பூவேலைக் கிராதிகள் பலவும் 1850ஐ ஒட்டி வந்தவை. தப்பிப் பிழைத்த பிரெஞ்சுக் கட்டடம் ஒன்று வேண்டுமானால் சார்ட்டர்ஸ் தெருவில் உர்சுலின் கன்னியர் மடம் இருக்கிறது. 1803இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் அரசு, ஊரை ஸ்பெயினிடமிருந்து திரும்பப் பெற்றிருந்த நெப்போலியனிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியபோது ஊர் கைமாறிய இடம் கபில்டோ. இப்போது அருங்காட்சியகம், செயின்ட் லூயிஸ் பேராலயத்தை ஒட்டியே நிற்கிறது.

பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் ஜாக்சன் சதுக்கத்தின் இரண்டு பக்கமும் நீளமான செங்கல் மாளிகைகள் தெரியும். மாடியின் இரும்புக் கிராதியை அண்ணாந்து பாருங்கள். பூவேலைக்கு நடுவில் ஆங்கில எழுத்து ஏ, பி இரண்டும் பின்னிக்கொண்டிருக்கும். ஆல்மனெஸ்டர், பொன்டால்பா. முதலாவது கட்டியவளின் பிறந்த வீட்டுப் பெயர், இரண்டாவது புகுந்த வீட்டுப் பெயர். மிக்கேலா என்ற அந்தப் பெண்ணைச் சொத்துத் தகராறில் அவளுடைய மாமனாரே 1834இல் பிரான்சில் துப்பாக்கியால் பல தடவை சுட்டார். சுட்டுவிட்டு அவர் தற்கொலை செய்துகொண்டார். இவள் பிழைத்து, பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, இந்த மாளிகைகளைக் கட்டினாள். அந்த மாமனார் வீட்டுப் பெயரையும் ஏன் இரும்பில் வார்த்து வைத்தாள் என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன்.

போர்பன் தெருவுக்குக் குடும்பத்தோடு போகலாமா?

பகலில் ஒரு நடை போய் வாருங்கள். பெயர் பிரெஞ்சு அரச வம்சத்துடையது, மதுவுடையது இல்லை. ராத்திரி எட்டுக்கு மேல் பிள்ளைகளோடு வேண்டாம். இந்த ஊரில் பிளாஸ்டிக் கப்பில் மதுவை ஊற்றிக்கொண்டு தெருவில் நடக்கச் சட்டப்படி அனுமதி உண்டு, கண்ணாடிதான் கூடாது. அதனால் கூட்டம் எப்படியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் அரை மணி நேரம் வேடிக்கை பார்க்கலாம். என் கணக்கில் அதற்கு மேல் அந்தத் தெருவில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் பாட்டு எங்கே கேட்பது?

பிரெஞ்சு குவார்ட்டரின் எஸ்பிளனேட் ஓரத்தைத் தாண்டினால் ஃப்ரெஞ்ச்மென் தெரு. சின்னச் சின்ன கிளப்கள், கதவு திறந்தே இருக்கும், வாசலில் நின்றே இரண்டு பாட்டு கேட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நகரலாம். உள்ளே போனால் ஒரு பானமாவது வாங்க வேண்டும். பல இடங்களில் 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு வாளி கைமாறி வரும்போது காசு போடுங்கள். அந்த வாளிதான் பல கலைஞர்களுக்கு அன்றைய கூலி.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால். 1961இல் தொடங்கியது. பூச்சு உதிர்ந்த சுவர், கொஞ்சம் பெஞ்சு, தரையில் மெத்தை. மது விற்பதில்லை. முக்கால் மணி நேரக் கச்சேரி. முதல் வரிசையில் உட்கார்ந்தால் டிராம்போன் குழாய் மூக்கருகே வந்து போகும். மைக் கிடையாது. கச்சேரி முடிந்து வெளியே வந்த என் பையன் வாயாலேயே ட்ரம்பெட் ஊதிக்கொண்டு ஹோட்டல் வரை வந்தான். டிக்கெட்டை முன்னாலேயே இணையத்தில் வாங்குங்கள்.

காசில்லாமல் கேட்க, பகலில் ராயல் தெரு. சில மணி நேரம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், தெருமுனைக்கு ஒரு குழு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்காவது பித்தளை வாத்தியச் சத்தம் கேட்டால் அது "செகண்ட் லைன்" ஊர்வலமாக இருக்கலாம். முன்னால் சங்கத்துக்காரர்களும் வாத்தியக் குழுவும் முதல் வரிசை, பின்னால் ஆடிக்கொண்டு சேர்ந்துகொள்ளும் ஊர் ஜனம் இரண்டாவது வரிசை. யாரும் சேரலாம். இதற்கு வேர் இறுதி ஊர்வலத்தில் இருக்கிறது. கல்லறை வரைக்கும் இழுத்து இழுத்து சோகமாக வாசிப்பார்கள். அடக்கம் முடிந்த பிறகு தாளம் மாறும், குடைகளும் கைக்குட்டைகளும் மேலே எழும், ஆட்டம்தான். சாவுக்குப் பறையடித்து ஆடி அனுப்பிவைக்கும் ஊரிலிருந்து வருகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கூட வந்த ஒஹையோ நண்பர்தான் திகைத்து நின்றார்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

இல்லை, ஆனால் விழிப்பாக இருக்க வேண்டும். இந்த ஊரில் காய்கறி என்ற பெயரில் வருவதிலும் பன்றி எட்டிப்பார்க்கும். சிவப்பு பீன்ஸும் சோறும் (துணி துவைக்கும் நாளான திங்கட்கிழமை அடுப்பில் வைத்துவிட்டு வேலை பார்க்க வசதியான சாப்பாடு) பார்ப்பதற்கு நம் ராஜ்மா மாதிரியே இருக்கும், உள்ளே ஹாமோ சாசேஜோ வெந்திருக்கும். பச்சைக் கீரை, அதிலும் அதே கதை. உருளைக்கிழங்கு வறுவல் வைத்த போபாய் என்று நீள ரொட்டி சாண்ட்விச் இருக்கிறது, சைவம்தானே என்று வாங்கினால் மேலே மாட்டிறைச்சிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். "இறைச்சி உண்டா?" என்று மட்டும் கேட்காமல், "எந்த இறைச்சியும், இறைச்சிச் சாறும், பன்றிக் கொழுப்பும் இல்லாமல்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கைகொடுப்பது வியட்நாம்காரர்கள். சைகோன் வீழ்ந்த 1975க்குப் பிறகு வந்து குடியேறிய பெரிய சமூகம் இங்கே இருக்கிறது, டோஃபு வைத்த சாண்ட்விச்சும் நூடுல்ஸும் நன்றாக இருக்கும். மெகசின் தெருவில் இந்திய உணவகமும் உண்டு. சொல்லப்போனால் இந்தியர்கள் இங்கே புதியவர்கள் இல்லை. 1880, 90களிலேயே வங்காளத்தின் ஹூக்ளிப் பகுதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் பூவேலைத் துணி விற்க வந்து, சிலர் ட்ரெமே பகுதியில் கறுப்பினப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள்.

அசைவத்தில் என்ன சாப்பிடலாம்?

முதலில் கம்போ. மாவைக் கொழுப்பில் கருஞ்சிவப்பாகும் வரை கிளறிச் செய்யும் குழம்பு, இறாலோ கோழியோ நண்டோ போட்டு, சோற்றின் மேல். பல வீடுகளில் அதில் வெண்டைக்காய் உண்டு. அந்தப் பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவம். கொழகொழப்பைக் குறையாகப் பார்க்காமல் குழம்பைக் கெட்டியாக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மார்ச் முதல் மே வரை போனால் கிராஃபிஷ். சிங்க இறாலைச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருக்கிய மாதிரி, ஆற்றிலும் வயலிலும் வளர்வது. மிளகாய், எலுமிச்சை, பூண்டு, சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு அண்டாவில் அவித்து, காகிதம் விரித்த மேஜையில் கொட்டிவிடுவார்கள். தலையைத் திருகு, வாலைப் பிதுக்கு, தலையில் இருக்கும் சாற்றை உறிஞ்சு. இறால் உரித்துப் பழகிய கைக்கு இது வேலையே இல்லை. பவுண்டு கணக்கில் விற்பார்கள். ஒருவருக்கு மூன்று பவுண்டு என்றால் பயப்படாதீர்கள், முக்கால்வாசி ஓடுதான்.

காரம்? லூசியானாக்காரர்கள் எச்சரிப்பார்கள். நன்றி சொல்லிவிட்டு சாப்பிடுங்கள்.

காபி கிடைக்குமா, நம்ம காபி மாதிரி?

கிடைக்கும், அதுதான் ஆச்சரியம். கஃபே டு மோண்ட் என்ற கடை 1862 முதல் பிரெஞ்சுச் சந்தையில் இருக்கிறது. இந்த ஊர்க் காபியில் சிக்கரி கலக்கிறார்கள், நம் பில்டர் காபிப் பொடியில் சேர்ப்பதே தான். காபிக்கொட்டைத் தட்டுப்பாட்டில் சிக்கரியைச் சேர்க்கும் வழக்கம் நெப்போலியன் காலத்து பிரான்சில் பரவியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குக் கப்பற்படை இந்தத் துறைமுகத்தை மறித்தபோது இங்கேயும் அதுவே கைகொடுத்தது. போர் முடிந்து கொட்டை வந்தது, சிக்கரி போகவில்லை. பாதிக்குப் பாதி சூடான பால் சேர்த்துத் தருகிறார்கள். சர்க்கரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். டம்ளர், டபரா மட்டும்தான் இல்லை.

கூடவே பென்யே, சதுரமாக வெட்டிப் பொரித்த மாவு, தட்டுக்கு மூன்று, மேலே பொடித்த சர்க்கரை மலை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்தால் இருமல், வெளியே விட்டால் எதிரில் இருப்பவர் முகத்தில் வெள்ளை. மூச்சை அடக்கிக் கடிப்பதே முறை. வரிசை நீளமாக இருந்தால் சிட்டி பார்க்கில் இருக்கும் கிளைக்குப் போங்கள். மஞ்சள் டின்னில் பொடியும் விற்கிறார்கள். நம் பில்டரில் சீக்கிரம் இறங்கிவிடும், கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அழுத்த வேண்டும்.

அம்மா, அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாக. நடைபாதையில் மட்டும் கவனம். ஓக் மர வேர் சிமெண்டைத் தூக்கிப் பிளந்திருக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள். பச்சை டிராமில் படி உயரம், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். கனால் தெருவில் ஓடும் சிவப்பு டிராமில் சக்கர நாற்காலியே ஏறும், ஏசியும் உண்டு. அதில் சிட்டி பார்க் போனால் சிற்பத் தோட்டம் இலவசம், மரத்தடிப் பெஞ்சும் நிறைய. பொதுக் கழிப்பறை பிரெஞ்சு குவார்ட்டரில் அரிது, பிரெஞ்சுச் சந்தையில் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரித்திரம் பிடித்த அப்பாக்களுக்கு இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம். நார்மண்டிக் கரையில் படைகளை இறக்கிய ஹிக்கின்ஸ் படகுகள் இந்த ஊரில் செய்தவை, அதனால்தான் அருங்காட்சியகம் இங்கே. என் மாமனார் காலையில் நுழைந்து மூடும் நேரத்தில்தான் வெளியே வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை.

பிள்ளைகளுக்கு?

சதுப்பு நிலப் படகு சவாரி. முதலை பார்க்கலாம், குளிர்காலத்தில் அவை அதிகம் வெளியே வராது. அப்புறம் மிருகக்காட்சிசாலை, மீன் காட்சியகம்.

மார்டி கிரா சமயத்தில் போவது புத்திசாலித்தனமா?

ஈஸ்டருக்கு 47 நாள் முன்னால், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள் வரும் செவ்வாய்த் திருவிழாதான் மார்டி கிரா. ஆனால் பருவம் ஜனவரி 6இலேயே தொடங்கிவிடும், கடைசி இரண்டு வாரம் ஊர்வலங்கள் குவியும். செவ்வாய்க்கு முந்தின வார இறுதிக்குப் பதிலாக அதற்கும் ஒரு வாரம் முன்னால் போனால் கூட்டமும் வாடகையும் குறைவு, ஊர்வலம் அதே அழகு. பெரிய ஊர்வலங்கள் 1973 முதல் பிரெஞ்சு குவார்ட்டருக்குள் வருவதில்லை, தெரு குறுகல். செயின்ட் சார்ல்ஸ் சாலையில் நில்லுங்கள். அங்கே எல்லாம் குடும்பங்கள், மடக்கு நாற்காலி, வறுத்த கோழி, மேலே பெஞ்சு பொருத்திய ஏணியில் குழந்தைகள். வீடியோக்களில் பார்க்கும் கூத்து போர்பன் தெருவோடு சரி.

செவ்வாய் காலை ஜூலு சங்கத்தின் ஊர்வலம். அவர்கள் கொடுப்பது தேங்காய், நிஜத் தேங்காய். நார் சீவி, வண்ணம் பூசி, மினுக்குப் பொடி ஒட்டியது. முன்பெல்லாம் வீசினார்கள். தலையில் பட்டு வழக்குகள் கிளம்பின, காப்பீடு கிடைக்காமல் போனது, 1988இல் மாநில அரசு தேங்காய்க்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. இப்போது கையில்தான் தருகிறார்கள். வாங்குவதற்கு ஊரே அடித்துக்கொள்கிறது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கல்லறையைச் சுற்றிப் பார்ப்பதா, என்ன இது?

சுற்றிப் பார்க்கத்தான் வேண்டும். இங்கே தரைக்கு மேல் செங்கல்லில் சின்ன வீடு மாதிரி கட்டி அடக்கம் செய்வார்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்தால் அதே அறையைத் திறந்து, எலும்புகளைப் பின்னால் தள்ளிவிட்டு அடுத்தவரை வைக்கலாம். அந்த வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிப்பதால் மிச்சம் அதிகம் இருக்காது. செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறை 1789இல் வந்தது. சமாதிகளைச் சிலர் பாழாக்கியதால் 2015 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுகிறார்கள். எல்லோரும் வூடூ ராணி மரி லாவோவின் சமாதியைத் தேடுவார்கள். நீங்கள் ஹோமர் பிளெசியின் சமாதியையும் கேளுங்கள். 1892இல் இந்த ஊரில் வெள்ளையர் ரயில் பெட்டியில் வேண்டுமென்றே ஏறிக் கைதானவர். அவர் வழக்கில் 1896இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான் "தனியாக, ஆனால் சமமாக" என்ற பெயரில் அரை நூற்றாண்டுக்கு நிறப் பிரிவினையைக் காத்தது.

பிளான்டேஷன் மாளிகைகள், அதாவது அடிமைகள் உழைத்த பெருந்தோட்டங்களின் வீடுகள், பார்க்க வேண்டுமா?

ஒன்று பார்க்கலாம், எது என்பதுதான் முக்கியம். ஓக் மர வரிசைக்கு நடுவில் வெள்ளைத் தூண் மாளிகை, அதன் முன்னால் போட்டோ என்று வருபவர்கள் நிறைய. ஒரு மணி நேரத் தூரத்தில் விட்னி என்ற இடம் 2014 முதல் முழுக்க அடிமைகளின் கதையைச் சொல்கிறது. சுவர் சுவராகப் பெயர்கள். தேவாலயத்துக்குள் களிமண் குழந்தைகள் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பத்து வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

ஊருக்குள்ளேயும் அந்த அடிமைக் கதை இருக்கிறது, கண்ணில் படாது, அவ்வளவுதான். உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இந்த ஊர். செயின்ட் லூயிஸ் தெருப் பக்கம் சார்ட்டர்ஸ் தெருவில் இன்றைய ஹோட்டல் ஒன்றின் சுவரில் பழைய கல் வளைவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்து மங்கி, "எக்ஸ்சேஞ்ச்" என்ற சொல்லில் "சேஞ்ச்" மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே இருந்த பழைய ஹோட்டலின் வட்ட மண்டபத்தில் துணிமணி, நிலம், ஓவியங்களோடு மனிதர்களையும் ஏலம் விட்டார்கள். நாங்கள் நின்று பார்த்த பதினைந்து நிமிடத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

கத்ரீனா புயலின் தடம் இன்னும் தெரிகிறதா?

தெரியும். 2005 ஆகஸ்ட் 29. புயலைவிட, கால்வாய்த் தடுப்புச் சுவர்கள் உடைந்ததுதான் ஊரை மூழ்கடித்தது, 80 சதவீதம் தண்ணீருக்குள். பிரெஞ்சு குவார்ட்டர் பெரும்பாலும் தப்பியது. மற்ற ஊர்களில் ஆற்றோரம் பள்ளமாக இருக்கும், இங்கே ஆறு காலங்காலமாக வண்டலைக் கொட்டிக் கொட்டி ஆற்றோரம்தான் மேடு. பழைய ஆட்கள் அங்கே கட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் சதுப்பை வடித்துக் கட்டிய இடங்கள் கடல் மட்டத்துக்குக் கீழே. அதனால்தான் பெருமழைக்கே தெருவில் முழங்கால் தண்ணீர், கார்கள் நியூட்ரல் கிரவுண்டில். பேராலயத்துக்கு மறுபுறம் இருக்கும் பிரெஸ்பிட்டேர் அருங்காட்சியகத்தில் புயலைப் பற்றி நல்ல காட்சி உண்டு. தேடுதல் படையினர் வீட்டுச் சுவரில் போட்ட பெரிய பெருக்கல் குறிகளைச் சில வீட்டுக்காரர்கள் அழிக்காமலே வைத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு எப்படி?

பகலில் கூட்டம் இருக்கும் தெருக்களில் பயமில்லை. இரவில் ஆள் இல்லாத தெருவில் நடக்காதீர்கள், ஊபர் கூப்பிடுங்கள். குறுக்கு வழி என்று கூகுள் காட்டும் சந்தும் வேண்டாம்.

ஏமாற்று ஒன்று உண்டு. ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "உன் ஷூ எங்கே கிடைத்தது என்று சொல்கிறேன், இருபது டாலர் பந்தயம்" என்பார். சென்னையில் வாங்கிய ஷூ, இவனுக்கு எப்படித் தெரியும் என்று நண்பர் கைகொடுத்துவிட்டார். "உன் ஷூ உன் காலில் கிடைத்தது, போர்பன் தெருவில் கிடைத்தது" என்று ஆள் சிரிக்கிறார். ஆங்கிலத்தில் "காட்" என்ற சொல் வாங்கியதற்கும் வரும், இப்போது வைத்திருப்பதற்கும் வரும், வாதாட இடமில்லை. இருபது டாலர் போயிற்று. சிரித்துவிட்டு நிற்காமல் நடப்பதே வழி.

ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

பிரலீன். சர்க்கரை, வெண்ணெய், க்ரீம், பீக்கன் கொட்டை எல்லாம் காய்ச்சித் தட்டையாக ஊற்றிய மிட்டாய். "பிராலீன்" என்று நீட்டிச் சொல்ல வேண்டும். காய்ச்சுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூடிய கடையாகத் தேடுங்கள்.

அப்படி ஒரு கடையில் பெட்டி கட்டி முடித்த பிறகு, வயதான அம்மா ஒருவர் ஓரம் உடைந்த துண்டு ஒன்றைக் காகிதத்தில் வைத்து என் பெண்ணிடம் நீட்டினார். நான் பர்ஸை எடுத்தேன். "லான்யாப், பேபி" என்றார். எனக்குப் புரியவில்லை. வாங்கியதற்கு மேல் கடைக்காரர் இனாமாகக் கொடுப்பது என்று விளக்கினார். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிச் சொல் ஸ்பானியம் வழியாக இந்த ஊருக்கு வந்து பிரெஞ்சு எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிடம் என் பெண்ணிடம் நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: "கொசுறு."

அந்த அம்மா அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "கோசூரு." சரியாகத்தான் வந்தது.